சன்னது பறிபோன வக்கீல்

1910-ஆம் ஆண்டு. தென்காசியில் ஒரு வீடு. காளி படத்துக்கு முன்னால் சில இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளைக்காரனின் இரத்தமாகப் பாவித்து ஆளுக்கொரு மிடறு குடிக்கிறார்கள். காகிதத்தில் சத்தியம் எழுதி, விரலைக் கீறிக் குறி வைக்கிறார்கள். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றக் கூண்டில் ஏறிய அப்ரூவர்கள் சொன்ன காட்சி இது.

அதற்கு நாலு வருஷம் முன்பு இதே நெல்லைச் சீமையில் இன்னொரு காகிதம் தயாரானது. இரத்தம், குங்குமம் எதுவும் அதில் இல்லை. பங்கு எத்தனை, பங்கின் விலை என்ன, டைரக்டர்கள் யார், கம்பெனியின் நோக்கங்கள் என்ன என்று வரிசையாக எழுதி, 1882-ஆம் வருஷத்து இந்தியக் கம்பெனிகள் சட்டப்படி 1906 அக்டோபர் 16-ந் தேதி பதிவு செய்யப்பட்ட பத்திரம் அது. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி லிமிடெட். பங்கு சேர்த்து அதை நிறுத்தியவர் தூத்துக்குடியில் பிளீடராக இருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை.

முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் வெள்ளையரைக் கொல்ல நினைத்தார்கள். இரண்டாவது காகிதத்துக்காரர் வெள்ளையரின் சட்டத்தை வைத்தே வெள்ளையரின் வியாபாரத்தைக் கவிழ்க்க நினைத்தார். அரசாங்கம் எதற்கு அதிகமாகப் பயந்தது என்று பார்த்தால், கொஞ்சம் வியப்பாக இருக்கும்.

வ.உ.சி. என்றதும் நமக்கு முதலில் வருவது செக்கு. அடுத்தது கப்பல். ‘செக்கிழுத்த செம்மல்’, ‘கப்பலோட்டிய தமிழன்’ என்ற இரண்டு பட்டங்களும் மேடைதோறும் முழங்கி முழங்கி, நடுவிலிருந்த வக்கீலை மறைத்துவிட்டன. அவருடைய ஆயுதங்களோ கம்பெனிச் சட்டம், குற்றவியல் நடைமுறை, வேலைநிறுத்தம், மனு ஆகியவைதாம். அவரை இன்று அறிமுகப்படுத்தினால் கார்ப்பரேட் வழக்கறிஞர் என்றும் சொல்லலாம், மனித உரிமை வழக்கறிஞர் என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒரே கறுப்புக் கோட்டுக்குள் வைத்திருந்த ஆள்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல்தான். வ.உ.சி. காலத்தில் தூத்துக்குடி, ஓட்டப்பிடாரம், தென்காசி, குற்றாலம் எல்லாமே ஒரே திருநெல்வேலி ஜில்லா. ஒரே கலெக்டர், ஒரே செஷன்ஸ் கோர்ட். தென்காசிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜாவுடையது. 1956 நவம்பர் 1 வரை அப்படித்தான். இந்த எல்லைக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பிறகு வேலை இருக்கிறது.

1872 செப்டம்பர் 5-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரத்துக்கு வக்கீல் தொழில் வீட்டுச் சொத்து. தந்தை உலகநாத பிள்ளை வசதியானவர்களுக்கு வழக்காடிப் பேர் வாங்கியவர். மகன் திருச்சியில் பிளீடர் பரீட்சைக்குப் படித்துத் தேறி, சன்னது வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். சன்னது என்பது கோர்ட்டில் வாதாட அரசாங்கம் தருகிற அனுமதிப் பத்திரம். பாரிஸ்டர்கள் ஒரு படி, உயர் நீதிமன்ற வக்கீல்கள் ஒரு படி, அதற்கும் கீழே கீழ்க்கோர்ட்டுகளில் நிற்கிற பிளீடர்கள். சிதம்பரம் நின்றது கடைசிப் படியில். ஆனால் ஏழை எளியவர்களின் வழக்கு முதலில் வந்து சேருவது அந்தப் படிக்குத்தான்.

மகன் எடுத்தவை பெரும்பாலும் கிரிமினல் வழக்குகள். போலீஸ் ஜோடித்த கேசில் மாட்டிக்கொண்ட ஏழைகளுக்காக, பல சமயம் பீஸ் வாங்காமலே நின்றார். லஞ்சம் வாங்கிய சப் மாஜிஸ்திரேட்டுகள் மூவரின் மீது குற்றச்சாட்டை நிரூபித்துக் காட்டினார் என்பது அவர் வாழ்க்கை வரலாறுகள் தவறாமல் சொல்கிற செய்தி. இப்படிப்பட்ட பிள்ளையை எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிடிக்கும்? பகை முற்றிப் பெரிய தொல்லை வருமுன் 1900-ல் தூத்துக்குடிக்கு ஜாகை மாறினார்.

தூத்துக்குடியில் கடல் இருந்தது. கொழும்புக்குப் போகும் கப்பலும் இருந்தது. கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியுடையது. இங்கிருந்து சரக்கு, அங்கிருந்து சரக்கு, தோட்ட வேலைக்குப் போகிற கூலிகள் என எல்லாவற்றிலும் கட்டணம் அவர்கள் வைத்ததே. உள்ளூர் வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சலை மூலதனமாக மாற்றலாம் என்று கண்டுபிடித்ததுதான் வ.உ.சி.யின் சாமர்த்தியம்.

மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள், பங்கு ஒன்று 25 ரூபாய். இந்த 25 ரூபாயில்தான் சட்டம் தெரிந்தவனின் மூளை தெரிகிறது. லிமிடெட் கம்பெனியில் பங்கு வாங்கியவனுக்கு நஷ்டம் வந்தால் போவது அவன் போட்ட பணத்தோடு சரி. கடன்காரன் அவன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஆக, பெரிய ஜமீந்தாரும் வரலாம், சின்னக் கடைக்காரரும் பயமில்லாமல் வரலாம். பாலவனத்தம் ஜமீந்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் போட்டுச் செயலாளரானார். உழைத்து அலைந்த வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவியில் அவருக்கு மோகமில்லை என்று சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு கூட்டு நிறுவனத்தில் யார் பெயர் மேலே இருந்தால் பங்கு விற்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பத்திரத்தில் எழுதிய நோக்கங்களும் கவனிக்கத் தக்கவை. தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்தோடு நிற்கவில்லை. இந்தியர், இலங்கையர், ஆசியாவின் மற்ற நாட்டார் எல்லோருக்கும் கப்பலோட்டவும் கட்டவும் பயிற்சி தருவது, அதற்குப் பள்ளிகள் வைப்பது, கப்பல் கட்டும் துறைகள் அமைப்பது என்று நீண்டது. ஒரு ஜில்லா பிளீடர் 1906-ல் ஆசியா முழுவதையும் பங்குதாரராக நினைத்து எழுதிய ஷரத்துகள் இவை.

சொந்தக் கப்பல் வருமுன் வாடகைக் கப்பலில் தொடங்கினார்கள். வெள்ளைக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கிக்கொண்டார்கள். கொழும்புக்கு ஓடி ஒரு கப்பலை அமர்த்தி, ஓட்டம் நின்றுவிடாமல் காத்தார் வ.உ.சி. பிறகு பம்பாய் போனார். மகன் உலகநாதன் நோயில் கிடந்தான். மனைவி மீனாட்சியம்மாள் கர்ப்பிணி. திரும்பினால் கப்பலோடு, இல்லாவிட்டால் கடலோடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதாகச் சரித்திரம். 1907-ல் எஸ்.எஸ்.காலியா வந்தது, பிரான்சிலிருந்து எஸ்.எஸ்.லாவோ வந்தது. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றலாம்.

பிறகு நடந்தது அப்பட்டமான விலை யுத்தம். வெள்ளைக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அவர்கள், ‘இனாமாகவே வாருங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம்’ என்றார்கள். சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்கவிலைக்கும் கீழே விற்பதை இன்று 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தடை செய்கிறது. அன்று அதற்குச் சட்டம் கிடையாது. குடை வாங்கினவர் வாங்கினபடி போக, சுதேசிக் கப்பலிலேயே ஏறுவேன் என்ற ஜனங்களும் இருந்தார்கள்.

இதுவரை வ.உ.சி. அரசாங்கத்துக்கு ஒரு தொந்தரவு. ஆபத்தாக மாறியது 1908 பிப்ரவரி 27-ல்.

அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஹார்வி கம்பெனியின் பஞ்சாலை அது. கூலி சொற்பம், நேரம் நீளம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சி., அவருடைய சுதேசித் தோழர்கள் சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் தொழிலாளிகளோடு நின்றார்கள். வேலைநிறுத்தம் நடக்கிற நாளில் அடுப்பெரிய வேண்டுமே! ஊரில் வசூல் செய்து சோறு போட்டார்கள். ஒன்பது நாளில் மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை எல்லாம் கிடைத்தன.

ஊர் எவ்வளவு அவர் பக்கம் இருந்தது என்பதற்கு ஒரு சவரக்கடைக் கதை உண்டு. அரசாங்கத்துக்கு வேண்டிய வக்கீல் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பாதி முடிந்த நிலையில், ‘ஐயா சிதம்பரம் பிள்ளைக்கு விரோதமாகப் பேசினீர்களாமே’ என்று நாவிதர் கேட்கிறார். ‘அது உனக்கெதற்கு’ என்கிறார் வக்கீல். கத்தியை மடித்து வைத்துக்கொண்டு நாவிதர் எழுந்து போய்விட்டார். வக்கீலின் மீதிச் சவரத்தை அந்த ஊரில் யாரும் செய்யவில்லை.

தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926-ல்தான். சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது 1918-ல். அதன் தலைவர் பி.பி.வாடியாமீது பின்னி மில் நிர்வாகம் வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கும் அளவுக்குச் சட்டம் முதலாளிகள் பக்கம் இருந்தது. இந்தப் பின்னணியில் 1908-ஐப் பாருங்கள். சங்கம் என்ற பெயர்கூட இல்லாத காலத்தில் கூலியும் விடுமுறையும் பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார் ஒரு பிளீடர்.

கம்பெனியும் வேலைநிறுத்தமும் ஒரே ஆள் கையில் இருந்தால் எந்த அரசாங்கம் சும்மா இருக்கும்? வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட மார்ச் 9-ல் தடையை மீறி ஊர்வலம் போனார்கள். 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் திருநெல்வேலியில் கைதானார்கள். 13-ல் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் மூடின, அரசாங்கக் கட்டடங்கள் எரிந்தன, போலீஸ் சுட்டு நாலு பேர் செத்தார்கள். இத்தனையையும் நடத்திய அதிகாரிகளில் கலெக்டர் விஞ்சும் சப் கலெக்டர் ஆஷும் முக்கியமானவர்கள்.

வழக்கை முதலில் விசாரித்து செஷன்ஸுக்கு அனுப்பியவர் மாஜிஸ்திரேட் ஈ.எச்.வாலஸ். இந்தப் பெயரையும் மறந்துவிடாதீர்கள். செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7-ல் தீர்ப்புச் சொன்னார். இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ பிரிவின்படி ராஜத் துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 வருஷம். ஆக 40. சாட்சியாக வந்து பேசியவர்களில் சுப்பிரமணிய பாரதியும் ஒருவர். தீர்ப்பைக் கேட்ட வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 22-ல், பம்பாயில் திலகருக்கும் அதே பிரிவில் தண்டனை விதித்தார்கள். அவருக்கு ஆறு வருஷம். அகில இந்தியத் தலைவருக்கு ஆறு, ஜில்லா பிளீடருக்கு நாற்பது! லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லியே வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் திருநெல்வேலித் தண்டனைகளைக் குறை சொன்னார். அப்பீலில் சென்னை உயர் நீதிமன்றம் நவம்பர் 4-ல் ஆறு வருஷமாகக் குறைத்தது.

கோவைச் சிறையில் கை தோல் உரியச் சணல் கிழித்ததும், வெயிலில் செக்கிழுத்ததும் எல்லோரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதது, அங்கும் அவர் தொழிலை விடவில்லை என்பது. சிறையிலிருந்து மனு மேல் மனுவாக எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லாம் சட்ட நுணுக்கம் பேசுகிற மனுக்கள். செக்கடியில் நின்றபோதும் அந்த மூளை ஷரத்துகளில்தான் ஓடியிருக்கிறது. பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். வெளியே கம்பெனி ஆள் இல்லாமல் தள்ளாடி 1911-ல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

சட்டத்தின் வழியாகப் போன மனிதருக்கு இதுதான் கிடைத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு என்ன தோன்றியிருக்கும்? தென்காசி வீட்டுக்கு இப்போது திரும்பலாம்.

நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த இரகசியச் சங்கத்துக்குத் தென்காசியும் செங்கோட்டையும் தோதான இடங்கள். தென்காசி பிரிட்டிஷ் போலீசின் எல்லை, செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜாவின் எல்லை. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து புனலூர், கொல்லம் போகிற ரயில் பாதை அப்போதுதான் புதிது. மலைப்பாதை திறந்தது 1904 நவம்பரில். செங்கோட்டை வாஞ்சிநாதன் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறை ஊழியர்.

1911 ஜூன் 17. ஆனி பிறந்திருந்த நேரம். குற்றாலத்தில் சாரல் தொடங்குகிற மாதம். திருநெல்வேலியின் வெள்ளை அதிகாரிகள் தலைமுறைகளாக உடம்பைக் குளிர்விக்கப் போன இடம் குற்றாலம். கலெக்டராகியிருந்த ஆஷ் அந்த முறை மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்தார். மணியாச்சி ஜங்ஷனில் வண்டி நின்றபோது வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி அவரைச் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார்.

வ.உ.சி.க்காகப் பழி வாங்கிய குண்டு என்று அதைப் பாடத்தில் படித்திருப்போம். அரசுத் தரப்பும் சுதேசிக் கம்பெனி விவகாரத்தை ஒரு காரணமாக முன்வைத்தது. ஆனால் வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தில் கப்பலும் இல்லை, கோரல் மில் கூலியும் இல்லை. அது சனாதன தர்மத்தைப் பற்றியும், முடிசூட வருகிற ஐந்தாம் ஜார்ஜைப் பற்றியும் பேசுகிறது. இந்த வித்தியாசத்தை மழுப்ப வேண்டியதில்லை. வ.உ.சி.யின் பத்திரத்தில் பக்கீர் சேட்டும் பாண்டித்துரைத் தேவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், ஆசியா முழுவதற்கும் இடமிருந்தது. மணியாச்சிக் கடிதம் அவ்வளவு அகலமானதல்ல. வாஞ்சியின் துணிச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பேரையும் ஒரே மாலையில் கோப்பது வசதிக்காகச் செய்கிற வேலை.

ஆஷ் கொலை வழக்கில் 14 பேர் கூண்டில் நின்றார்கள். தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், அய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் அமர்வு விசாரித்து 1912 பிப்ரவரியில் ஒன்பது பேருக்குத் தண்டனை கொடுத்தது. நீலகண்டருக்கு ஏழு வருஷம். சட்டத்தை நம்பி நின்ற வ.உ.சி.க்கு முதலில் விழுந்தது நாற்பது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக் கதவு திறந்தபோது வாசலில் கூட்டமில்லை. வந்து நின்றவர் சுப்பிரமணிய சிவா, சிறையிலேயே தொழுநோய் பிடித்துவிட்ட சிவா. திருநெல்வேலி ஜில்லாவுக்குள் வ.உ.சி. கால் வைக்க முடியவில்லை. சன்னது ரத்தாகிவிட்டது. வக்கீலுக்குக் கோர்ட் வாசல் அடைத்தால் என்ன செய்வார்? சென்னையில் மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெய் விற்றார். நேரம் கிடைத்தபோது தொழிலாளர் கூட்டங்களுக்குப் போனார். அவருக்கென்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிக் கொடுத்த 347 ரூபாயைப் பெற, 1915-லும் 1916-லும் காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதங்களைப் படித்தால், கேட்கக் கூசுகிற ஒரு கௌரவமான மனிதன் கேட்டே ஆக வேண்டிய நிலையில் எழுதியவை என்று புரியும்.

அவர் காலத்து மற்ற நெல்லைக்காரர்களின் கதி வேறு வேறாக இருந்தது. 1918 கடைசியில் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்து கைதாகி விடுதலையான பாரதி, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில், தென்காசிக்குப் பக்கத்தில், அரசாங்க நிபந்தனைகளோடு இரண்டு வருஷம் இருந்தார். பி.எல். படித்த இன்னொரு நெல்லைக்காரரான டி.கே.சிதம்பரநாத முதலியார் கோர்ட்டை விட்டுக் கம்பனைப் பிடித்துக்கொண்டு, குற்றாலத்தில் குடியேறி, அருவியும் விருந்துமாக வாழ்ந்து 1954-ல் அங்கேயே மறைந்தார். தமிழ்மேல் பித்து வ.உ.சி.க்கும் குறைவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர், ‘மெய்யறம்’ எழுதியவர். ரசனைக்கு வேண்டிய ஓய்வைத்தான் காலம் அவருக்குக் கொடுக்கவில்லை.

1920-ல் காங்கிரஸ் ஒத்துழையாமைக்குத் திரும்பியது. வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்பது அதில் ஓர் அங்கம். வ.உ.சி. அதை ஏற்கவில்லை, காங்கிரசை விட்டு ஒதுங்கினார். கோர்ட்டுக்குள் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்த மனிதனிடம் கோர்ட்டை விட்டு வெளியே வா என்றால் எப்படி இருக்கும்! ஆனாலும் சொந்தக் கஷ்டத்தால் எடுத்த முடிவு என்று அதைச் சுருக்கிவிட முடியாது. சட்டத்தை எதிராளியின் கையில் விட்டுவிட்டு வெளியே வருவதில் அவருக்கு எப்போதுமே நம்பிக்கை இருந்ததில்லை. 1927-ல் திரும்பி வந்து சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோதும் வளைந்துகொடுக்காமல்தான் பேசினார். அந்தப் பேச்சு ‘எனது அரசியல் பெருஞ்சொல்’ என்று அச்சில் இருக்கிறது.

சன்னது திரும்பி வந்த கதை விசித்திரமானது. அதை மீட்டுக் கொடுத்தவர் நீதிபதி வாலஸ். 1908-ல் வ.உ.சி.யைச் செஷன்ஸுக்கு அனுப்பிய அதே வாலஸ்! நன்றியுணர்ச்சியில் வ.உ.சி. தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார நீதிபதியின் பெயரில் ஈசுவரனைச் சேர்த்துத் தமிழாக்கிய இந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். வயது அறுபது. பழைய கட்சிக்காரர்கள் இல்லை. பழைய கம்பெனியும் இல்லை. கொழும்புக் கப்பல்கள் பழைய முதலாளியின் கொடியோடுதான் போய்வந்தன. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவரை இருபது வருஷம், இருபது வருஷம் என்று கூட்டி உள்ளே அனுப்பிய 124-ஏ பிரிவு, சுதந்திரம் வந்து 70 ஆண்டுகளுக்கு மேல் புத்தகத்தில் இருந்தது. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தபோது ராஜத் துரோகம் என்ற சொல் போயிற்று. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் 152-ஆம் பிரிவு வந்து உட்கார்ந்திருக்கிறது.

தூத்துக்குடியில் இன்று துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர், கல்லூரிக்கு வ.உ.சி. பெயர். அவருடைய சட்டப் புத்தகங்கள் மட்டும் கிடைக்காது. கடைசிக் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக அவற்றை அவரே விற்றுவிட்டார்.